மாம்பழ ஜூஸ் என்றொரு பொய்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. வேதியியல் துறைத் தோழி வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது விமான நிலையக் கடையில் வாங்கிவந்த டெக்கீலா பாட்டில் என் சமையலறை மேடையில் இருந்தது. இரண்டு பங்கனப்பள்ளி மாம்பழங்களை மிக்ஸியில் அடித்து வைத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு அக்கா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பேக்கிங் வேலை பார்க்கிறவர். தண்ணீர் மோட்டார் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க வந்திருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் தோழி பாட்டிலை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

அக்கா மேடையைப் பார்த்தார். நாலு கண்ணாடி டம்ளர், நறுக்கிய எலுமிச்சை, தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும்.

"இன்னா டீச்சர், விசேஷமா?"

"ஒண்ணும் இல்லக்கா. மாம்பழ ஜூஸ்."

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்தச் சம்பளம், சொந்த வாடகை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், பெண்ணுடல் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன், மேடையில் பேசியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு அந்தப் பொய்யை ஏன் சொன்னேன்? ஒரு பிரதியை வாசிப்பதுபோல அந்தப் பொய்யை வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் டம்ளருக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 45 மில்லி டெக்கீலா, 100 மில்லி மாம்பழக்கூழ், 20 மில்லி எலுமிச்சைச் சாறு. ஆரஞ்சுச் சாராயம் சேர்க்க வேண்டிய இடத்தில், ஆரஞ்சுத் தோலை ஊறவைத்த சர்க்கரைப் பாகு ஒரு ஸ்பூன். எல்லாவற்றையும் பனிக்கட்டியோடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கை மரத்துப்போகும்வரை குலுக்கி, டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். டம்ளர் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து உப்பு, மிளகாய்த்தூள் தட்டில் கவிழ்த்து எடுத்தால் முடிந்தது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றுக்குப் போடும் அதே உப்பு, மிளகாய்தான். மெக்சிகோவிலும் மாம்பழத்தை அப்படித்தான் தின்கிறார்கள். மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலேறி நமக்கு வந்தது. மாம்பழம் ஆசியாவிலிருந்து மணிலாக் கப்பல்களில் அங்கே போனது.

டெக்கீலா என்பது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். கள்ளிச்செடியிலிருந்து வடிப்பது என்று பலர் சொல்வார்கள். அது கள்ளி அல்ல, நீலக் கற்றாழை. நம்மூரில் ரயில் கற்றாழை என்று சொல்லி, அடித்து நாரெடுத்துக் கயிறு திரிக்கிறோமே, அதன் உறவு. ஏழெட்டு வருடம் வளர்ந்த செடியின் மடல்களை வெட்டியெறிந்து, அன்னாசிபோலத் திரண்டிருக்கும் நடுப்பகுதியை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள்.

இனி அந்தப் பொய். அதைச் சொல்ல எனக்கு வசதி செய்து கொடுத்தது மாம்பழம்தான். விளம்பரங்களிலும் ஓட்டல் மெனுக்களிலும் பழம் கலந்த, இனிப்பான, நிறமான பானங்களைப் 'பெண்களுக்கானவை' என்கிறார்கள். பெண்ணின் நாக்கு மென்மையானது என்பது அவர்கள் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அது பார்ப்பதற்கு ஜூஸ்போல இருக்கிறது. ஆண் குடிப்பது குடியாகவே தெரியலாம், பெண் குடிப்பது வேறொன்றாகத் தெரிய வேண்டும். இதில் ஆபத்தும் உண்டு. இனிப்பும் புளிப்பும் சாராயத்தின் காட்டத்தை மறைக்கும்போது குடிக்கிறவளுக்கே அளவு தெரியாமல் போகிறது. 45 மில்லி டெக்கீலாவில் ஏறக்குறைய 18 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. இப்படி நாலு டம்ளர் குடித்தால் ஒரு குவார்ட்டர் கணக்கு. தோழி அன்று ஆய்வகத்தில் அளப்பதுபோல மருந்து மூடியால் அளந்து ஊற்றினாள். ஊரிடமிருந்து மறைக்கச் செய்த ஏற்பாட்டில் நாங்களே ஏமாந்துவிடாமல் இருக்க அந்த மூடி தேவைப்பட்டது.

இப்படி மறைக்க வேண்டியது எப்போதிலிருந்து? வகுப்பில் சங்க இலக்கியம் நடத்துகிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை எங்கள் தொண்டை நாட்டைப் பாடும் பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் முறை படிப்படியாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் டீ வடிகட்டியுமாக நான் எழுதிய குறிப்புக்கு அது மூத்த குறிப்பு. அதே புலவரின் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுத்துகிறார்கள், மட்டை விட்டு மதுவுக்கு மாறுகிறார்கள். மட்டும் மதுவும் வேறுவேறு பானங்கள். எதைக் குடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பெண்கள் அவர்கள். முதுகலையில் எனக்கு இந்தப் பாட்டை நடத்திய ஆசிரியர் துகிலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு மதுவை ஒரே மூச்சில் கடந்தார். பல வருடம் நானும் அப்படித்தான் கடந்தேன்.

எல்லாப் பாட்டிலும் பெண் குடிக்கிறாள் என்று சொல்ல வரவில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பெண்கள் ஊற்றுகிறார்கள், பாண்டியன் நன்மாறன் குடிக்கிறான். வளையணிந்த கைகள் தெரிகின்றன, அந்தப் பெண்களுக்குத் தாகம் எடுத்ததா என்று தெரியவில்லை. 235ஆம் பாட்டு வேறு மாதிரி. இறந்துபோன அதியமானை நினைத்து அழும் ஔவை முதலில் கள்ளைத்தான் நினைக்கிறாள். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறாள். அவளுக்கு நட்பை அளக்கும் அளவை கள்ளைப் பங்கிட்ட விதம். 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நம் மனத்தில் பதித்த பாட்டியின் கையில் ஊன்றுகோல் உண்டு, கள் கலயம் இல்லை. ஔவை என்ற பெயரில் பல காலத்துப் புலவர்கள் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னாலும், பொது நினைவு ஒரே ஒருத்தியைத்தான் வைத்துக்கொண்டது.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதில் பெண்ணாக வருகிறவர்கள் இரண்டு பேர். குடித்தவனைப் பார்க்கச் சகிக்காத தாய் ஒருத்தி. குடிகாரனுக்கு முதுகு காட்டும் நாண் என்னும் நல்லாள் இன்னொருத்தி. இருவரும் சாட்சிகள். கைப்பொருளைக் கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்குவது அறியாமை என்றும் அதே அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். விலையை அவர் கவனித்திருக்கிறார். அது யாருடைய பொருள் என்று மட்டும் கேட்கவில்லை. கம்பன் பாலகாண்டத்தில் உண்டாட்டுக்கென்றே ஒரு படலம் வைத்தான். இராமன் திருமணத்துக்கு மிதிலை போகும் வழியில் பெண்கள் குடிக்கிறார்கள். கிண்ணத்தில் தெரியும் தன் நிழலை இன்னொரு பெண் என்று நினைத்து அதனோடு பேசுகிறாள் ஒருத்தி. அந்தப் படலத்தை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் படித்ததில்லை, நடத்தியதும் இல்லை.

ஊற்றுகிறவள், அழுகிறவள், முதுகு காட்டுகிறவள் என்ற இடங்கள் பெண்ணுக்கு நிலைத்தன. நான்காவதாகத் தமிழ் சினிமா கெட்டுப்போனவளைச் சேர்த்தது. நாலு பேரிடமும் கேட்கப்படுவது கற்பைப் பற்றிய கேள்வி. சட்டமும் அதையே கேட்டிருக்கிறது. இலங்கையில் பெண்கள் மது வாங்கவும் மது விற்கும் இடங்களில் வேலை செய்யவும் பல பத்தாண்டுகள் இருந்த தடையை, 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெறச் சொன்னார் ஜனாதிபதி சிறிசேன. ஆண்கள் வாங்குவதற்கு அந்தத் தீவில் அப்படி ஒரு தடை இருந்ததில்லை.

இந்த இடத்தில் என் கட்டுரை எனக்கே எளிதாகப் போய்க்கொண்டிருப்பதைக் கவனிக்கிறேன். 'பெண்ணும் குடிக்கலாம்' என்று முடித்துவிட்டால் நான் வசதியாக வெளியேறிவிடலாம். ஆனால் மதுவுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்களும் பெண்கள்தான். 1921இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தினார்கள். எங்கள் ஸ்டேஷனைக் கடந்து வடக்கே போகும் தண்டவாளம் நெல்லூருக்குப் போகிறது. அந்த மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள், சாராயத்தைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்துவிட்டுச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் ஆந்திராவில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் தளர்ந்தது. இங்கே 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கையில். அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடிக்கு மேல் வருமானம். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது.

துபகுண்டாப் பெண்களை ஒழுக்கத்தின் காவலர்களாக வாசிப்பது தவறான வாசிப்பு. கூலி எங்கே போகிறது, அடி யார்மேல் விழுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். அது கணக்குக் கேள்வி. அந்தக் கேள்வியை நம் விமர்சனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மதுவும் பெண்ணும் ஒன்றாக வரும் எந்தப் பிரதியிலும், அவள் குடித்தாளா என்று தேடுவதைவிட இது யார் காசு, யார் உடம்பு, யாருக்குப் பங்கு கிடைத்தது என்று தேடலாம். அப்படிப் பார்த்தால் ஔவையின் பாட்டும் துபகுண்டாவும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் அதுதான். அப்பா சம்பள நாளன்று நேராக வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்த பணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அந்த வாசனையே ஆகாது என்று முப்பது வயதுவரை நம்பியிருந்தேன். அப்பாவின் கை ஓங்கியதற்கு முன்னால் வந்த வாசனை என்பதால்தான் ஆகவில்லை என்பது பிறகு புரிந்தது. அக்காவிடம் சொன்ன பொய் ஊருக்குப் பயந்து சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அம்மாவின் வயதையொத்த களைப்போடு என் வாசலில் நின்ற ஒருத்தியிடம், அந்த வாசனையோடு நானும் நிற்க வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை மாடிப்படியில் அக்கா பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஜூஸுன்னு என்னாண்டயே சொல்றியே. இருபது வருஷமா அந்த நாத்தம் பக்கத்துலதான் படுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

நான் பேசாமல் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது எவ்ளோ டீச்சர், அந்த பாட்டிலு?"

மூவாயிரத்து ஐந்நூறு. "ஆயிரத்து ஐந்நூறுக்கா" என்றேன். இரண்டாவது பொய். அவர் உதடு அசைந்தது, நாள் கூலியால் வகுத்துப் பார்த்தார். "நாலு நாள்" என்றார். பிறகு மோட்டார் ஸ்விட்சை அணைக்கக் கீழே இறங்கிப் போனார். உண்மை விலையைச் சொல்லியிருந்தால் எட்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கும்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு இன்னும் சரியான பதிலை நான் சொல்லவில்லை. பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, மாம்பழக் காலமும் முடியவில்லை. அடுத்த முறை அக்கா கதவைத் தட்டும்போது பாட்டில் மேடையிலேயே இருக்கும். விலையையும் சொல்வேன். உட்கார்ந்து குடிப்பாரா, முகத்தைச் சுளித்துக்கொண்டு போவாரா என்பது அவர் முடிவு. எதைச் செய்தாலும், ஜூஸ் என்ற பேச்சு இருக்காது.