செல்லப்பிராணி உருவ ஓவியம்: நிறையும் குறையும்

செல்லப்பிராணி உருவ ஓவியம் என்பது ஒரு வீட்டில் வளரும் குறிப்பிட்ட நாயையோ பூனையையோ காளையையோ அதன் தனி அடையாளம் புலப்பட வரைவது. 2005-ல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட இராஜபாளையம் நாய் அஞ்சல்தலை ஓர் இனத்தின் படம். எந்த வீட்டு நாயின் உருவமும் அன்று. தமிழகத்தில் தனி விலங்கைப் பதிவுசெய்யும் வழக்கம் பழமையானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் கள்ளரைக் கடித்த செயலையும் பொறித்துள்ளது.

இன்று இது பெரும்பாலும் ஒளிப்படத்தைப் பார்த்து வரையும் ஆர்டர் தொழில். விருதுநகர் மாவட்டத்துப் பாளையம்பட்டி போன்ற சிற்றூரிலிருந்தும் இதை நடத்தலாம். தாள், வண்ணம், கைபேசி, கூரியர் வசதி இருந்தால் போதும். வாரத்தின் முதல் வேலை, வாட்ஸ்அப்பில் வந்த படங்களைச் சலித்தெடுப்பது. அடுத்து கோட்டுருவம் போட்டு, வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற்றபின் கண்ணிலும் மூக்கிலும் தொடங்கி, ரோமம் படியும் திசையிலேயே வண்ணம் ஏற்றப்படுகிறது. கலர் பென்சிலில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் பல அடுக்குகள் தேவை. அழுந்தப் போட்ட அடர்நிறத்தை முழுதும் அழிக்க முடியாது. எண்ணெய் வண்ணமானால் காய்வதற்கே பல நாள் காத்திருக்க வேண்டும். பிரேம் போடுதல், அனுப்புதல், அடுத்த ஆர்டருக்குப் பேசுதல் எல்லாம் சேர்ந்து வாரத்தின் கணிசமான பகுதியைக் கொண்டுபோகின்றன.

இக்கலையின் முதல் நிறை, செல்லப்பிராணியை இழந்த குடும்பத்துக்கு அது தரும் ஆறுதல். மங்கலான ஒரே படம் மிஞ்சியிருந்தாலும், தேர்ந்த ஓவியர் உடற்கூற்றறிவால் முகத்தை ஓரளவு மீட்டெடுக்க முடியும். இரண்டாவது, நாட்டு இனங்களின் பதிவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட பூமிக்கு அருகில் உருவான சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் வெளிநாட்டு நாய்களை வரைந்து பழகிய கைக்கு எளிதில் வசப்படாதவை. உள்ளூர் ஓவியரின் கண்ணுக்கு அந்த உடல் பழக்கமானது.

குறைகளில் பெரியது, ஒற்றைப் படத்தை நம்புவது. கைபேசியை முகத்தருகே பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து நெற்றி சிறுக்கிறது. நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் கால்கள் குட்டையாகின்றன. பிளாஷ் பட்டால் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பியனுப்பி, கண்ணின் இயல்பு நிறத்தை மறைக்கிறது. வெயிலில் எடுத்த இராஜபாளையம் நாயின் வெள்ளை உடம்பில் நிழற்சாயல்கள் காணாமல் போகின்றன. இவற்றை அப்படியே நகலெடுக்கும் ஓவியம், எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், பொய்யான உருவத்தையே தருகிறது.

அடுத்த குறை, அழகுபடுத்தல். கிழிந்த காதையும் நரைத்த மோவாயையும் மறைக்கச் சொல்பவர்கள், அந்த விலங்கைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்தையே இழக்கிறார்கள். பொருளிலும் விலையிலும் குறைகள் உண்டு. வெளிர்சிவப்பு, ஊதா வண்ணங்களில் பல வெளிச்சத்தில் மங்குபவை. மலிவான தாளும் சில ஆண்டுகளில் பழுக்கிறது. உழைத்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் தாளின் அளவை மட்டும் வைத்து விலை சொல்வதால், ரோமம் அடர்ந்த விலங்கை வரைபவருக்குக் கூலி கட்டுப்படியாவதில்லை.

சக கலைஞர்கள், தொழில்காரர்களின் துணை இக்குறைகளில் சிலவற்றைத் தீர்க்கும். ஒளிப்படக்காரர் நல்ல படம் எடுத்துத் தரலாம். பிரேம் கடைக்காரர் தாள் பழுக்காத அட்டையைச் சொல்லலாம். சிவகாசி அச்சகங்கள் நகல்களை அச்சிடலாம். முன்பு கோவில்பட்டியில் ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் ஓவியக்கூடத்தில் சேர்ந்து உழைத்து, நாட்காட்டி ஓவியத்தைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றனர். அக்கூட்டுழைப்பு தொழிலை வளர்த்தது; ஆனால் சீடர்களின் பாணி குருவின் பாணியோடு நெருங்கி, ஒருவர் கையை மற்றவர் கையிலிருந்து பிரித்தறிவதும் கடினமாயிற்று. நண்பர் குழுவில் இயங்கும் இன்றைய ஓவியரும் ஒரே மாதிரிக் கண், ஒரே மாதிரிப் பின்னணி என்ற வார்ப்பில் விழக் கூடும்.

ஆகவே, இக்கலையின் மதிப்பு நுணுக்கத்தைவிட உண்மையையே சார்ந்தது. இயலும்போதெல்லாம் ஓவியர் விலங்கை நேரில் பார்க்க வேண்டும். இயலாதபோது, அதன் கண்மட்டத்தில், நிழலான இடத்தில், பல கோணங்களில் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். ஆர்டர் கொடுப்பவர்களும் தழும்பையும் நரையையும் அப்படியே வரையச் சொல்லி, உழைப்புக்கேற்ற கூலியைத் தர வேண்டும்.