மனுவும் கண்காணிப்பும்: குழந்தை உரிமை உடன்படிக்கையும் நம் பொதுநல இயக்கங்களும்

மனு எழுதுவதில் நம் மக்கள் வல்லவர்கள். தோட்டத்துக் கிராணிக்கு மனு, தொழிலாளர் இலாகாவுக்கு மனு, சட்டமன்ற உறுப்பினருக்கு மனு, கல்வி அதிகாரிக்கு மனு என்று மூன்று தலைமுறைகளாக எழுதி வந்திருக்கின்றோம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்த நாள்தொட்டு அடியேனும் பிறர்பொருட்டுப் பல மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கின்றேன். அவற்றுட் சில பயன் தந்தன, பல தரவில்லை. மனு என்பது ஒருவருடைய இடரை மற்றொருவருடைய இரக்கத்தின் முன் வைப்பது. கண்காணிப்பு அதனின் வேறானது. கொடுத்த வாக்கைக் காத்தீரா என்று நாள் குறித்து, எண்ணிக்கை காட்டி, சான்று வைத்துக் கேட்பது அது. குழந்தை உரிமை உடன்படிக்கையைக் கண்காணிப்பதில் பொதுநல இயக்கங்களுக்குள்ள பங்கினை ஆராயப் புகும் இக்கட்டுரை, இவ்வேறுபாட்டினையே அளவுகோலாகக் கொள்கின்றது.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை இவ்வுடன்படிக்கையை 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஏற்றது. மறு ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அதில் இணைந்தது. இணைந்த நாடு ஈராண்டுக்குள் முதல் அறிக்கையும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறிக்கைகளும் அளித்தல் வேண்டும் என்பது 44-ஆம் விதி. ஜெனிவாவில் கூடும் பதினெண்மர் கொண்ட குழு அவற்றை ஆராயும். அக்குழுவுக்குக் காவலர் இல்லை. தண்டம் விதிக்கும் உரிமையும் இல்லை. கேள்வி கேட்பது ஒன்றே அதன் வலிமை. கேட்பதற்கோ முதலில் செய்தி தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கம் தன்னைப்பற்றித் தானே எழுதும் அறிக்கையில் எல்லாச் செய்தியும் இராது. இதில் வியப்பொன்றும் இல்லை. தலைமையாசிரியனாகிய நான் ஆண்டுதோறும் எழுதும் பள்ளி அறிக்கையில் கட்டி முடித்த நூல்நிலையம் இடம்பெறும். தாழ்ப்பாள் இல்லாத கழிவறை இடம்பெறாது.

அந்தக் கழிவறையைப் பற்றிச் சொல்ல வேறொருவர் வேண்டும். அவருக்கு இடந்தருவது 45-ஆம் விதி. தகுதியுடைய பிற அமைப்புகளிடமிருந்தும் குழு கருத்துக் கேட்கலாம் என்று அது கூறுகின்றது. இச்சொற்கள் தற்செயலாய் நுழைந்தவை அல்ல. 1978-இல் போலந்து நாடு இப்படியோர் உடன்படிக்கை வேண்டும் என்று முன்மொழிந்தபின் வரைவு வேலை பத்தாண்டு நடந்தது. 1983 முதல் அரசுசாரா அமைப்புகள் தமக்குள் ஒரு குழு அமைத்துக்கொண்டு அவ்வேலையில் கலந்துகொண்டன. ஆகவே, மாற்று அறிக்கை எழுதுவோர் நாட்டின் பெயரை வெளியில் கெடுக்கின்றனர் என்று நம்மிடையே சிலர் குறைகூறுவது பொருந்தாது. அவர்கள் அழையா விருந்தினர் அல்லர். கதவைத் திறந்து வைத்த ஆவணத்தில் ஒப்பமிட்டது நம் அரசாங்கமே.

இனி நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1997-இல் சேர வேண்டிய முதல் அறிக்கையைக் குழு ஆராய்ந்தது 2007-ஆம் ஆண்டு ஜனவரியில்தான். இணையும்போதே பல விதிகளுக்குக் கட்டுப்பட இயலாதென்று மலேசியா விலக்குக் கூறியிருந்தது. அவற்றுட் பல 1999-இலும், மேலும் மூன்று 2010-இலும் விலக்கிக்கொள்ளப்பட்டன. பாகுபாடின்மை கூறும் 2-ஆம் விதி, பெயரும் குடியுரிமையும் கூறும் 7-ஆம் விதி, மனச்சான்றும் சமயமும் பற்றிய 14-ஆம் விதி, தொடக்கக் கல்வி எல்லார்க்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்னும் 28-ஆம் விதியின் முதற்கூறு, சித்திரவதையையும் சிறைவைப்பையும் பற்றிய 37-ஆம் விதி ஆகிய ஐந்தும் அதன் பின்னரும் எஞ்சி நின்றன. இவற்றுள் ஏழாவதும் இருபத்தெட்டாவதும் தமிழ்ப்பள்ளி வாயிலில் நாள்தோறும் வந்து நிற்பவை.

அடுத்த அறிக்கை 2012-இல் வந்திருக்க வேண்டும். அவ்வாண்டு அது வரவில்லை. அரசு வாய் திறவாத அந்த ஆண்டு டிசம்பரில், மலேசியக் குழந்தை உரிமைக் கூட்டணி நாட்டுக் குழந்தைகளின் உரிமை நிலைபற்றித் தன் அறிக்கையை வெளியிட்டது. பொதுநல இயக்கங்கள் செய்த பெருந்தொண்டு இதுவே என்பது என் கருத்து. தேர்வு நாளன்று மாணவன் வராமற் போனாலும், வரவில்லை என்று பதிவேட்டில் ஒருவர் குறிக்க வேண்டுமல்லவா?

கண்காணிப்பினால் சட்டம் அசையுமா என்று ஐயுறுவோர்க்கு அண்மைக் காலச் சான்று ஒன்றுண்டு. ஜொகூர்ப் பெண்கள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். சிலர் அங்கேயே அயல்நாட்டவரை மணந்து பிள்ளை பெறுகின்றனர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மலேசியத் தந்தை குடியுரிமை வழங்கலாம். மலேசியத் தாய் அவ்வாறு வழங்க இயலாது என்பதே நெடுங்காலம் இருந்த நிலை. பாலத்தின் இக்கரையில் பிறந்தால் குடிமகன், அக்கரையில் பிறந்தால் விண்ணப்பதாரன்! 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஃபேமிலி ஃபிராண்டியர்ஸ்' என்னும் இயக்கமும் ஆறு தாய்மாரும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. எனினும் பேச்சு அடங்கவில்லை. 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றித் தாய்க்கும் அவ்வுரிமையை அளித்தது. முன்னரே பிறந்துவிட்ட பிள்ளைகளை அது தழுவாதது பெருங்குறையே.

அதே திருத்த வரைவில் வேறு சில கூறுகளும் இருந்தன. கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தாமாகவே கிடைத்துவந்த பாதுகாப்பைக் குறைக்கும் கூறினை இயக்கங்கள் கடுமையாக எதிர்த்தன; 2024 மார்ச்சில் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. ஆனால், நிரந்தர வாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் இயல்பாகவே குடிமக்களாகும் வழியை அடைக்கும் கூறு மட்டும் நிலைத்துவிட்டது. நிரந்தர வாசிகள் என்றால் யார்? சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். இந்நாட்டிலேயே பிறந்து, பால்மரம் சீவி முதுமையெய்தியும் நீல அட்டை காணாத நம்மவர்களும் அவர்களுள் உளர். இக்கூறினையும் எதிர்த்து இயக்கங்கள் பேசின. நம் தமிழ்ச் சங்கங்களின் குரலோ, நான் கேட்ட வரையில், மிக மெல்லியதாகவே இருந்தது. இதனைச் சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கின்றது. நானும் அச்சங்கங்களில் உறுப்பினன்.

வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த பணியும் ஒன்றுண்டு. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்னும் அமைப்பு, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்துடன் இணைந்து, 2014 முதல் தீபகற்ப மலேசியாவில் நாடற்றோரைக் கண்டறிந்து பதிவு செய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்பதிவில் இடம்பெற்றனர். சட்ட உதவியில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களே இதனைச் செய்தனர். மனுவுக்கும் கண்காணிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் அத்தகைய தொண்டர் ஒருவரே.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு சிறுமி படித்தாள். தந்தை நீல அட்டைக்காரர். தாய் கடல் கடந்து வந்தவர். கோயிலில் தாலி கட்டினார்களேயன்றித் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம் என்பதனை அந்தத் தந்தை அறியார். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்பது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறும் விதி. ஆகவே, அச்சிறுமியின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்லள்' என்று எழுதிவிட்டார்கள். வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தியாக விளங்கியும் அவளுக்குப் பாடநூல் இரவல் இல்லை. ஆண்டுதோறும் சேர்க்கை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அவளுக்காக ஐந்து மனுக்கள் எழுதினேன். இரண்டனுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று மறுமொழி வந்தது.

அத்தொண்டர் ஒருநாள் என் அறைக்கு வந்தார். இளம்பெண், என் மாணவியாய் இருந்திருக்கத் தக்க வயது. "ஐயா, இந்தப் பிள்ளையை முதன்முதலில் மறுத்தது எந்தத் தேதியில்? காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? முகப்பில் இருந்த அதிகாரி என்ன பதவியில் இருப்பவர்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. மனுக்களின் நகல்களை எடுத்து நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்ல தமிழும் நல்ல மலாயும் எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா இதுல ஒரு தேதிகூட இல்லையே" என்றார். கருணை உள்ளம், பெருந்தன்மை, ஏழைச் சிறுமி என்ற சொற்கள் அவற்றில் நிரம்பக் கிடந்தன. எவர், என்று, எதனை மறுத்தார் என்பது ஓரிடத்திலும் இல்லை. சிறுமி ஆறாம் ஆண்டு முடித்துச் சென்றாள். இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு இருந்ததாகக் கேள்வி. பின்னர் ஓர் உணவுக்கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளை நானே கண்டேன். "வணக்கம் ஐயா" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

இயக்கங்களின் பணியில் குறைகளும் உள. பெரும்பாலான அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஜெனிவாவுக்கு அது தேவைதான். ஆனால் உடன்படிக்கையின் 42-ஆம் விதி அதன் நெறிகளைப் பெரியவர்க்கும் குழந்தைகட்கும் பரவலாக அறிவிக்க வேண்டும் என்கின்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் படித்துக்காட்டத்தக்க தமிழ்ச் சுருக்கம் ஒன்றும் இன்றுவரை என் கைக்கு வந்ததில்லை. தமிழிலே எழுத வல்லார் நூற்றுவர் இருக்கும் நம் எழுத்தாளர் இயக்கத்தை அவர்கள் அணுகவில்லை. நாமும் அவர்களை அணுகவில்லை. இரண்டாவது, இவ்வமைப்புகள் பலவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேர்கொண்டவை. நன்கொடை நிற்கும்போது கணக்கெடுப்பும் நின்றுவிடுகின்றது. ஜொகூர் பாருவில் பெற்றோர் இருவரும் விடியற்காலை நான்கு மணிக்கே சிங்கப்பூருக்குப் புறப்பட, தாமே எழுந்து உடுத்தித் தம்பியையும் எழுப்பிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப்பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் ஒரு பத்தி இல்லை. அப்பிள்ளைகளுக்கு நீல அட்டை கிடைக்கும். பசியாறல் கிடைப்பது ஐயம். முதற்பாட வேளையில் உறங்கி விழுபவர்கள் அவர்களே.

சட்டம் இருந்தும் காவல் இல்லாமை நமக்குப் புதிதன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி என்ற பெயரில் ஒரு கொட்டகையும், ஆசிரியர் என்ற பெயரில் ஒரு கிராணியும் இருந்தால் போதும் என்று நடந்த தோட்டங்கள் பல. சட்டத்தின் சொல்லுக்கும் கொட்டகையின் நிலைக்கும் இடையே உள்ள தொலைவை ஆண்டுதோறும் அளந்து எழுத மக்கள் தரப்பில் ஒருவரும் இல்லை.

தமிழகத்துச் சிவகாசியைப் பாருங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைப்பதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீங்கான தொழிலில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றதோடு, ஆறு திங்களுக்குள் குழந்தைத் தொழிலாளரைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவும் மனுவே, ஆயினும் ஒரு பிள்ளைக்கு இரக்கம் வேண்டிய மனுவன்று. எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வைத்த மனு.

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எந்தப் பிள்ளை எந்த ஆவணமின்றி வந்தது, எந்தத் திங்களில் வருகை குறைந்தது, எப்போது நின்றது என்பனவெல்லாம் அவற்றின் பதிவேடுகளில் கிடக்கின்றன. ஜெனிவாவில் பேசுவோர் தேடி அலையும் சான்று ஆசிரியர் மேசைமேல் இருக்கின்றது. அதனை ஒன்றுகூட்டி, தலைமையாசிரியர் மன்றமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கொருமுறை இயக்கங்களுக்கு அளிப்பதில் தடையென்ன? அரசுப் பணியாளர் இதனைச் செய்யலாமா என்று அஞ்சும் நண்பர்கள் உண்டு. பெயர் நீக்கிய எண்ணிக்கையைச் சங்கத்தின் வழியே தருவதில் தவறு காண்பாரில்லை என்றே எண்ணுகின்றேன்.

இப்போது என் அலமாரியில் நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. சென்ற நாள், சென்ற அலுவலகம், கேட்ட ஆவணம், மறுத்த காரணம், எழுத்தில் பெற்றதா, அடுத்த தவணை என ஆறு கட்டம் போட்டிருக்கின்றேன். ஒரு தாய் மட்டும், "ஐயா, எம் பேர எழுதாதீங்க, பிடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று அழுதார். பெயர் எழுதவில்லை. ஓர் எண் இட்டு, தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.