படிக்கும் இயந்திரமும் எழுதப்படாத அறிவும்

மனிதர் எழுதி வைத்ததைக் கணினி தானே படித்து அறிவு பெறும் என்கிறார்கள். பாராட்டுக்குரிய முயற்சிதான். ஆனால், யார் எழுதியதை அது படிக்கிறது என்று கேளாமல் அந்த அறிவை மதிப்பிடுதல் இயலாது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிச்செல் குழுவினர் 2010 ஜனவரியில் 'நெல்' என்னும் திட்டத்தை இயக்கினர். ஓயாது மொழி கற்பது என்பது அப்பெயரின் விரிவு. நகரம், நிறுவனம் முதலிய வகைகளையும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்களையும் அதற்குக் கொடுத்தனர். அவ்வுதாரணங்கள் இணையப் பக்கங்களில் எத்தகைய சொற்றொடர்களில் வருகின்றன என்று கண்டு, அதே சொற்றொடர்களில் வரும் புதிய பெயர்களை அது சேர்த்துக்கொண்டது. 67 நாட்களில் ஏறத்தாழ 2,42,000 செய்திகள் திரண்டன. அவற்றுள் நூற்றுக்கு 74 சரியென ஆய்வாளரே மதிப்பிட்டனர்.

பிழை பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. இணையத்தளங்கள் நமது கணினியில் இட்டுச் செல்லும் சிறு பதிவுக்கு ஆங்கிலத்தில் 'குக்கீ' என்று பெயர். பிஸ்கட்டுக்கும் அதுவே பெயர். 'நெல்' அப்பதிவைத் தின்பண்டமாகக் கொண்டது. குக்கீயை அழித்தேன், கோப்பை அழித்தேன் என மக்கள் எழுதுவதைக் கண்டு, கோப்புகளையும் தின்பண்டத்தில் சேர்த்தது! அதைக் கண்டு திருத்தியவர்கள் மனிதர்களே. அச்சொல்லை அறிந்தவர்கள் ஆய்வுகூடத்திலேயே இருந்தார்கள்.

ராகலைத் தோட்டத்துச் சொல்லுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? 'பேர்' என்றால் பிறருக்குப் பெயர்; கொழுந்து பறிப்பவளுக்கோ ஒரு நாட் கூலி. நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. 'லயம்' என்றால் இசைவாணருக்குத் தாளத்தின் இசைவு. தோட்டத்தில் அது வரிசையாய் நிற்கும் சிற்றறைக் குடியிருப்பு. பலகால் எழுதப்பட்ட பொருளையே சான்றாகக் கொள்ளும் இயந்திரம் எப்பொருளைத் தேர்ந்துகொள்ளும் என்பது வெளிப்படை. பெருந்திரளான இணைய எழுத்தால் பயிற்றப்படும் இன்றைய மொழி இயந்திரங்களும் இக்குறையினின்று விடுபட்டவை அல்ல.

இம்மக்களின் எழுத்து குறைந்தது இயற்கையால் அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். கணக்குப் புத்தகம் துரைமாரிடம் இருந்தது. உழைத்தவரிடம் வாய்மொழியும் ஒப்பாரியும் காமன் கூத்துமே இருந்தன. அன்று ஏட்டில் இடம் மறுக்கப்பட்டவர்கள், இன்று இயந்திரத்தின் அறிவிலும் இடமற்றுப் போவதை நாம் அனுமதிக்கலாமா?

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வருவது பெரும் பணி. ஆயினும் படமாகப் பதிந்த பக்கம் எழுத்தாக மாற்றப்பட வேண்டும். அச்சேறாத சொல் முதலில் எழுதப்பட வேண்டும். மலையக ஆசிரியர்களும் மாணவர்களும் முதியோரின் இசைவு பெற்று, சொல்லையும் அதன் பொருளையும் வழங்கும் இடத்தையும் குறித்து வைப்பார்களாக. அவ்வறிவு தனியார் கம்பனிகளின் இலவசச் சரக்காகாமல், அதைத் தந்த மக்களின் உடைமையாக நிலைபெறவும் நாம் போராட வேண்டும்.