பழந்துப்பாக்கிக்கு எண்ணெய் முழுக்கு

பொருட்காட்சிச் சாலைகளில் பழைய துப்பாக்கிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் அவற்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, எண்ணெய் தடவி, பளபளவென்று வைத்திருப்பார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் இரும்புக்கு அது நல்லதன்று என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

சோழபுரம், இராசபாளையம் பக்கத்து மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சற்றுத் தெற்கே வாசுதேவநல்லூரில்தான் 1759ஆம் ஆண்டின் இறுதியில் பூலித்தேவரின் கோட்டையை முற்றுகையிட்ட யூசுப்கான் தோற்றுத் திரும்பினான். 1801இல் பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கும்பினியார் தடை விதித்தனர். அக்காலத் துப்பாக்கிகளில் தப்பியவை சிலவே. அந்தச் சிலவற்றையும் நாமே அரிக்க விடலாமா?

இவற்றில் இட்டுச் சுட்டது கருமருந்து. ஏறத்தாழ வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இது எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்று நினைக்கிறோம். 1870களில் நோபிள், ஏபெல் என்னும் இருவர் மூடிய எஃகுக் கலத்தில் எரித்து அளந்தபோது, எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சக் கண்டனர். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு ஆகிய உப்புகளே அதில் பெரும்பகுதி. ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சமையலுப்பு அப்படிக் கசிய, காற்றின் ஈரப்பதன் 75 விழுக்காடாவது இருக்க வேண்டும். பொட்டாசியம் கார்பனேட்டுக்கோ 43 விழுக்காடே போதும்! ஆகவே கழுவாத குழலின் உட்புறம் நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி நசநசத்தே இருக்கும். உப்புக் கரைந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கக் கேட்க வேண்டுமா? பிற்காலத்துத் தொப்பித் துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. தொப்பியிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு, வெடித்தபின் குளோரைடாகப் படிகிறது. இரும்புக்குக் குளோரைடைவிடக் கொடிய பகை அரிது.

இந்த உப்புகள் எண்ணெயில் கரைவதில்லை. அவற்றின்மேல் எண்ணெயோ வண்ணமோ பூசினால் துரு உள்ளேயே வேலை செய்யும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காறிய தேங்காயெண்ணெயில் அமிலம் இருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு யாராவது குளிக்காமல் இருப்பார்களா? துப்பாக்கிக்கு மட்டும் முழுக்கின் முற்பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

சுடுகிற துப்பாக்கியைக் கொதிநீரால் கழுவுவதே பழைய வழக்கம். இரும்பில் நீரா என்று அஞ்ச வேண்டாம். ஒரு கணக்குப் போடுங்கள். குழலின் எடை 1.5 கிலோ என்க. கழுவியபின் அது 90 பாகையிலிருந்து 40 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம், 1500 × 0.45 × 50, அதாவது ஏறத்தாழ 34,000 ஜூல். ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2,300 ஜூல் வேண்டும். எனவே 14 கிராம் நீரைப் போக்கும் வெப்பம் குழலிலேயே இருக்கிறது. அதில் பாதி காற்றுக்குப் போனாலும், ஒட்டியிருக்கும் ஈரம் உலர மீதி போதும். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

காட்சிப் பொருளுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. மரக்கட்டையில் நீர் இறங்கினால் வெடிக்கும். ஆகவே பயிற்சி பெற்றவரே அதைத் தொட வேண்டும். அவர்கள் உப்பை நீக்கியபின் டானிக் அமிலம் தடவி மெழுகு பூசுவதுண்டு. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை செய்தார்களே, அந்த வேதியியல்தான் இதுவும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளின் உப்பைப் போக்கினார். வழிகாட்ட ஆளில்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் எனக்குப் பொறுக்காதது. செய்தவனின் முத்திரை அதோடு போய்விடும். எல்லாத் துருவும் பகையுமன்று. தஞ்சைப் பீரங்கிமேட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டவெளியில் கிடக்கும் 22 டன் பீரங்கிக்கு, மேலே இறுகப் படிந்த துருப்படலமே போர்வை.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. பழந்துப்பாக்கி எதையும் துடைக்க எடுக்குமுன், அதில் மருந்து கெட்டித்திருக்கிறதா என்று விவரமறிந்தவர் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, மரக்குச்சியை மெல்ல உள்ளே விட்டு, அந்த நீளத்தை வெளிப்புற நீளத்தோடு ஒப்பிடுவார்கள். குச்சி நாலு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் குத்திப் பார்க்காமல் கீழே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். உலர்ந்திருந்தால் கருமருந்து நூறாண்டுக்குப் பின்னும் பற்றும்.