நுவார் டைட்டிலுக்கு கிம்ப் 3.0: கெடுக்கத் தெரிந்தால் போதும்

'டபுள் இன்டெம்னிட்டி' (1944) தொடங்கும்போது ஊன்றுகோலுடன் ஒரு கரிய உருவம் நம்மை நோக்கி நடந்து வரும். அதன்மேல் பெயர்கள். விவகாரம் நல்லபடியாக முடியாது என்று அப்போதே தெரிந்துவிடும். அப்படி ஒரு ஃபிலிம் நுவார் டைட்டிலை நாமே செய்து பார்த்தால் என்ன என்று பல நாளாக ஆசை. ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட மனம் வரவில்லை. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இலவசம். ஒரு சனி, ஞாயிறு அதோடு போயிற்று.

பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' (1954) இருக்கும்போது ஆங்கிலத்தில் எதற்கு? 'நிழல் சாட்சி' என்று ஒரு பெயரைக் கற்பனை செய்துகொண்டேன். சட்டகம் 1480-க்கு 1080 பிக்சல், அதாவது அந்தக் காலத்து 1.37 விகிதம். அகலத்திரையில் செய்தால் என்ன பாடுபட்டாலும் நேற்று எடுத்த படம் மாதிரியே இருக்கும்.

எழுத்துரு கவிவனார். சாய்ந்த கையெழுத்து, ஆனால் மெலிவு. எழுத்துக்கு வெளிக்கோடு போடும் வசதி 3.0-இல் புதிது. அதே வெள்ளையில் கோடு கொடுத்ததும் தூரிகை பட்டதுபோல் தடித்துக்கொண்டது.

அடுத்தது விழுநிழல். முன்பெல்லாம் ஃபில்டர் போட்டால் லேயரில் ஊறிவிடும். மனம் மாறினால் பழையபடி முதலிலிருந்து. இப்போது லேயர் பக்கத்திலேயே ஒரு 'எஃப்எக்ஸ்' குறி நிற்கிறது. அதைத் திறந்து எப்போது வேண்டுமானாலும் அளவை மாற்றலாம். தலைப்பையே வேறாகத் தட்டினாலும் நிழல் கூடவே மாறுகிறது. இந்த ஒன்றுக்காகவே பழைய பதிப்பை விட்டு வரலாம். ஆனால் எழுத்தைப் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் சரித்துவிட்டால் அது வெறும் படம்தான். பிறகு எழுத்தைத் திருத்தப் போனால் அந்தச் சரிவு போய்விடும். எழுத்துப்பிழையை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கிடைத்தது பளிச்சென்ற கல்யாணப் பத்திரிகை! அன்று அட்டையிலோ கண்ணாடியிலோ கையால் எழுதி, கேமராவில் எடுத்து, ஆப்டிகல் பிரின்டரில் காட்சியோடு சேர்த்து, அதிலிருந்து பிரதி போட்டார்கள். ஒவ்வொரு நகலிலும் விளிம்பு கொஞ்சம் கரையும். ஆகவே எழுத்துக்கு 0.8 பிக்சல் காஸியன் பிளர். முழுக் கறுப்பைச் சற்றே சாம்பலாக உயர்த்தினேன். கடைசியில்தான் ஃபிலிம் மணல்: நடுச்சாம்பல் நிற லேயர் ஒன்றில் நாய்ஸ் தூவி, ஓவர்லே முறையில் மேலே போர்த்த வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மணலைத் தூவிவிட்டு பிளர் செய்தால் சுவரில் ஈரம் கசிந்த மாதிரி திட்டுத்திட்டாகிவிடும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

பின்னணிக்கு ஜன்னல் பிளைண்டு நிழல். கறுப்புப் பட்டைகள் வரைந்து, சரித்து, 12 பிக்சல் பிளர் கொடுத்து, மல்டிப்ளை முறையில் வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ அலுவலகத் திரைச்சீலை போலவே தெரிந்தது. பட்டை ஒவ்வொன்றும் அத்தனை நேர். மூன்றாவதை மட்டும், யாரோ விரலால் விலக்கி எட்டிப் பார்த்ததுபோல், நடுவில் லேசாக வளைத்துவிட்டேன்.