கைக்கு எட்டும் படகு

துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது உயர்ந்த பாய்மரத்துக்கும் முகப்பின் வளைவுக்கும்தான். அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது முப்பத்தைந்து அடி நீளத்தில், ஒருவரோ இருவரோ மாதக்கணக்கில் கடலோடுவதற்கென்றே கட்டிய சிறு படகு தன் அழகை வேறு இடங்களில் வைத்திருக்கிறது. கயிறு உராயும் இடத்தில் சுற்றித் தைத்த தோல், தளப்பலகையைத் தூக்கினால் துடைத்துவிட்டதுபோல் காய்ந்து கிடக்கும் உட்குழி, கடல்நீர்க் குழாய் ஒவ்வொன்றின் வால்வுக்குப் பக்கத்திலும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கூம்பு வடிவ மரத்தக்கை. வால்வு உடைந்து தண்ணீர் பீறிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் எடுத்து அடித்து இறுக்கத்தான் அந்தத் தக்கை. நடுநிசி இருட்டிலும் கை நேராக அதன்மேல் போக வேண்டும். படகைச் செலுத்துவது கலை, பராமரிப்பது அதற்கு ஒருபடி கீழான வேலை என்று பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தக்கை கண்ணில் படாது. சிறு படகில் இரண்டும் ஒன்று என்பதே என் கட்சி. ஓட்டுகிறவரின் கைக்கு எட்டாத, அவர் கையால் சரிசெய்ய முடியாத எதற்கும் அதில் இடமில்லை.

இதற்குச் சாட்சி சொல்ல ‘சுஹைலி’யைவிடத் தகுந்த படகு இல்லை. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர் அது. பம்பாயில் இந்தியத் தொழிலாளர்கள் வாய்ச்சியும் கைத்துரப்பணமும் கொண்டு தேக்கில் செதுக்கிய 32 அடிப் படகு. வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து தனியாகக் கிளம்பி, எங்கும் கரைதொடாமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து அங்கேயே திரும்பி வந்தார். அப்படி ஒரு பயணத்தை அதற்கு முன் யாரும் முடித்ததில்லை. கிளம்பிய சில வாரங்களிலேயே, அட்லாண்டிக்கில் கேப் வெர்டே தீவுகளைத் தாண்டியதும், உட்குழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. முங்கிப் பார்த்தால், படகின் அடியில் நெடுக ஓடும் ஏராக்கட்டையை ஒட்டிய பலகை இடுக்கு நீளமாகப் பிளந்திருக்கிறது. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதை நம் கடற்கரை ஓடாவிகள் கலப்பத்து என்பார்கள். படகைக் கரையேற்றி, சாய்த்துவைத்துச் செய்கிற வேலை அது. அவரோ நீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. உடம்பின் வெளுப்பு சுறாவை இழுக்கக்கூடாதென்று சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு இறங்கினார். அடித்த பஞ்சு, அவர் மூச்சு வாங்க மேலே வந்து திரும்புவதற்குள் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. படகில் ஏறி உட்கார்ந்து யோசித்தார். ஒன்றரை அங்குல அகலத்தில் கித்தான் துணியைக் கிழித்து, அதன்மேல் பஞ்சைத் தைத்து, தாரில் தோய்த்து, செப்பாணிகளை முன்கூட்டியே அதில் குத்தி வைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். ஆணிகளை அடித்து முடித்த பிறகு, வானொலிக் கருவி பொருத்த வந்தவர்கள் விட்டுப்போன செப்புத் தகட்டை அதன்மேல் பதித்தார். நடுவில் வட்டமிட்ட சுறா ஒன்றைச் சுட வேண்டியும் வந்தது. கசிவு நின்றது. இந்த வேலையில் நான் ரசிப்பது துணிச்சலை மட்டுமல்ல. கித்தான், பஞ்சு, தார், ஆணி எல்லாம் படகில் ஏற்கெனவே இருந்தவை. பழுதின் அளவுக்கு அவர் கருவியின் அளவு இருந்தது.

அதே ஆண்டு, ஆஸ்திரேலியாவை அடைந்தபோது, காற்றின் போக்கை வைத்துத் தானாகச் சுக்கானைத் திருப்பும் அமைப்பு திருத்த முடியாதபடி உடைந்தது. பயணம் அங்கே முடிந்திருக்கலாம். அவர் பாய்களையே சுக்கானாக்கினார். முன்னே பெரிய பாய்மரமும் பின்னே சிறியதுமாக இரண்டு மரம் கொண்ட படகில், பின் பாயை இழுத்துக் கட்டினால் முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். தளர்த்தினால் அந்த இழுப்பு குறையும். முன் பாய் காற்றைப் பிடித்தால் முகப்பு காற்றைவிட்டு விலகும். இந்த இரண்டு இழுப்பையும் தராசுத் தட்டுகள்போல் சமன் செய்து, சுக்கான் பிடியை ஒரு கயிற்றால் கட்டிவிட்டால், நீண்ட ஏரா கொண்ட படகு தன் வழியே போகும், மாலுமி தூங்கலாம். இங்கேதான் ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒன்றாகின்றன. சுக்கான் பிடி கையில் கனத்தால் பாய்க்கட்டு சரியில்லை என்று அர்த்தம். தோள் பலத்தால் அதை அடக்கிக்கொண்டே போகிறவர் தம்மைக் களைப்பாக்கிக்கொள்வதோடு, சுக்கானின் கீல்களையும் நாள்தோறும் தேய்க்கிறார். சரியாகக் கட்டிய பாய் ஒரு பழுதைத் தடுத்துவிடுகிறது.

பாயைச் சுருக்குவதும் அப்படித்தான். சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த நொடியே சுருக்க வேண்டிய நேரம் என்பது சிறு படகுக்காரர்களின் பழைய பாடம். புதியவர்கள் அதைக் கோழைத்தனம் என்று நினைத்துத் தள்ளிப் போடுவார்கள். அளவுக்கு மீறிய பாயோடு ஓடும் படகு சாய்ந்து, சுக்கான் குறுக்கே நின்று தண்ணீரை இழுக்க, வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் வேண்டாத பாரம் விழும். கயிறுகளுக்கு எதிரி இழுவிசையைவிட உராய்வு. ஒரே இடத்தில் நாள் முழுக்க உரசாதபடி தினமும் அரைச் சாணாவது தளர்த்தி மாற்றிக் கட்டுகிறவரின் கயிறு பல மடங்கு உழைக்கும். பாய்த்துணி வெயிலில் நைவதற்கு முன்பே தையல் நூல் நைந்துவிடும். நகத்தால் கீறிப் பார்த்து, நூல் அறுந்தால் அன்றே ஊசி எடுக்க வேண்டும். தாங்கு கம்பியின் மேல் ஒரு பஞ்சுத் துணுக்கைத் தேய்த்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத அறுந்த இழை பஞ்சைப் பிடித்து நிறுத்தும். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு சிட்டிகைப் பஞ்சு. நல்ல இசைக்கலைஞர் கச்சேரிக்கு முன் தம்பூராவின் நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா தேடுவதைப் பார்க்கும்போது வரும் மரியாதைதான் இதைப் பார்க்கும்போதும் எனக்கு வருகிறது.

இதெல்லாம் மரப்படகுக் காலத்துக் கதை, இன்றைய கண்ணாடியிழைப் படகுக்கு இவ்வளவு பாடு வேண்டாமே என்பார்கள். பாதி உண்மை. கண்ணாடியிழைக்குக் கலப்பத்து வேண்டாம். ஆனால் அதன் அடியிலும் நாளடைவில் நீர் ஊறிக் கொப்புளம் வரும். தாங்கு கம்பிகளைப் பிடித்துக்கொள்ளத் தளத்தைத் துளைத்துச் செல்லும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை, காற்றுப் படாத அந்த இடுக்கில்தான் சத்தமில்லாமல் அரிக்கப்படும். நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 1968 பயணம் ஒரு பந்தயத்துக்காகத்தான். 2018இல் அதே பழைய பந்தயத்தை, 32 முதல் 36 அடி வரையுள்ள, 1988க்கு முன் வரையப்பட்ட படகுகளுக்கு மட்டும் என்று வகுத்து மறுபடி நடத்தினார்கள். 73 வயது ழான்-லுக் வான் டென் ஹீட் கண்ணாடியிழைப் படகில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பசிபிக் பெருங்கடலில் அலை படகைக் கவிழ்த்ததில், தாங்கு கம்பிகளைப் பாய்மரத்தோடு பிணைக்கும் இடம் சில சென்டிமீட்டர் கிழிந்து இறங்கியது. அந்த வயதில் நடுக்கடலில் மரமேறிக் கட்டி நிறுத்தி, பாயைக் குறைத்து, மரத்துக்கு நோகாமல் ஓட்டி, 2019 ஜனவரியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். படகு எதனால் செய்யப்பட்டது என்பது இங்கே இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், அதிர்ஷ்டம் பற்றியது. சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டிய ‘துரியா’வில் அதே 2018 பந்தயத்துக்குப் போனவர் அபிலாஷ் டோமி. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் வந்து மீட்டது. அவருக்கு அக்கறையோ திறமையோ குறைவென்று யாரும் சொல்ல முடியாது. கடல் நினைத்தால் எந்தக் கலையும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே புயலில் பாய்மரம் முறிந்த கிரெகர் மெக்கக்கின், மிஞ்சிய கழிகளை நட்டுத் தற்காலிகப் பாய் கட்டி, டோமியை நோக்கிப் படகைத் திருப்பினார். 1968 பந்தயத்தில் போன இன்னொருவரான மொய்டெஸ்யேவின் எஃகுப் படகு சரக்குக் கப்பலில் உரசி, முகப்பில் நீட்டியிருந்த குழாய் வளைந்தபோது, அவர் ஒரு கழியையும் கப்பிக் கயிற்றையும் கொண்டு நடுக்கடலிலேயே அதை நிமிர்த்திவிட்டார். அந்தப் பந்தயத்தில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. அவர் படகு மணிக்குச் சராசரியாக நாலு கடல் மைல்தான் போயிற்று. அதில் போட்டியிட்ட நைஜல் டெட்லி ஒட்டுப்பலகையில் செய்த மூவுடல் படகை, பின்னால் வருபவர் முந்திவிடக்கூடாதென்று, ஏற்கெனவே அடிபட்டிருந்த நிலையில் விரட்டினார். கரைக்குச் சுமார் 1,100 கடல் மைல் இருக்கையில் அது பிளந்து மூழ்கியது. அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கும் பங்கை இந்தக் கலை சுருக்குகிறது, அவ்வளவுதான். நடுக்கடலில் அந்தச் சுருக்கமே பெரிது.

புகழ்பெற்ற சுஹைலியைப் பின்னாளில் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மழையில்லை, வெயிலில்லை, அலையில்லை. தட்பவெப்பம் அளந்து காக்கப்பட்ட கூடம். ஐந்தாறு ஆண்டுக்குள் தேக்குப் பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாயைத் திறந்தன. மரப்படகின் பலகை நீரில் ஊறி உப்பினால்தான் இடுக்கிலுள்ள பஞ்சை இறுக்கிப் பிடிக்கும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் 2002இல் அதை வெளியே எடுத்துவிட்டார். அறுபதைக் கடந்தவர், பம்பாயில் அடித்த பழைய ஆணிகளை நாளடைவில் களைந்து புதிது பூட்டி, 2018இல், கிளம்பிய ஐம்பதாம் ஆண்டில், அதே ஃபால்மத் துறையில் அதைப் பாய் விரித்து ஓட்டினார்.