சாய்சதுரத்தின் அழகு

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்த ஸ்கூடாயில், வெண்பலகையின்மேல் மார்க்கர் பேனா கிறீச்சிட, ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுத்தர் மேசையிலிருந்து அதிகாரியின் கையொப்பம் வரை செல்லும் யாத்திரையை பி.பி.எம்.என். (BPMN) என்னும் பணிநடை வரைபடக் குறிகளால் ஒருவர் வரைவதைப் பார்ப்பது தனி ஆனந்தம். மெல்லிய கோட்டு வட்டத்தில் காரியம் ஜனித்து, சம்மதமா நிராகரிப்பா என்று வழி பிரியுமிடத்தில் ஒரு சாய்சதுரத்தைக் கடந்து, அதிகாரி பதில் தராமல் நாளைக் கடத்தினால் (கடத்துவார்கள்தாம்!) அதற்கென்றே சிறு கடிகாரம் பொறித்த இரட்டை வட்டத்தில் சற்றுத் தங்கி, தடித்த கோட்டு வட்டத்தில் நிறைவெய்துகிறது. நிரல் எழுத அறியாத எழுத்தரும், “இந்தக் கோடு என்னிடம் திரும்பி வரவேண்டுமே” என்று விரலால் சுட்டித் திருத்துகிறார்; அந்தச் சித்திரத்தோடு சில விவரங்களைச் சேர்த்துவிட்டால், அதையே கணினி படித்துக் காரியத்தை நடத்துகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாதபடி அழித்தழித்து வரைகிற அந்தப் பொறுமையே இதில் எனக்கு மிகவும் உவப்பானது.